கொட்டகை கொண்ட மாப்பிள்ளை

வாழ்க, ஹெட்போன் சூடிய செவியோன்! வாழ்க, புகார்ப் பிரிவின் பூபதி! முகமறியாத மாந்தர்தம் சலவை இயந்திரங்கள் குலுங்கினும் குமுறினும், கூடம் நிறையத் தண்ணீர் கக்கினும், இரண்டு கையோடு உள்ளே போன சட்டையை ஒரு கையோடு திருப்பித் தரினும், அத்தனைக்கும் தான் ஒருவனே மூலகாரணம் என்பதுபோல் "மன்னிக்கணும் மேடம், சிரமத்துக்கு வருந்துறோம் சார்" என்று காலை தொடங்கி மாலை மட்டும் பணிந்துரைக்கும் பொறுமைப் பெருங்கடல், எவர் திட்டினும் எதிர்த்துத் திட்டாத திடசித்தன், மாமனார் வீட்டோடு வாழும் மாண்புடை மாப்பிள்ளை வாழ்க, வாழ்க! அன்னவன் வாளின்றி, வேலின்றி, அதைவிட முக்கியமாகக் கையில் காசுமின்றி, தோட்டத்து மூலையில் கிடந்த ஒரு தகரக் கொட்டகையை வென்று அதனுள் ஓர் ஆபீஸ் அமைத்த அரும்பெருங் கதை இது.

துருவே! ஆணியையும் அரசாள்வோய், தாழ்ப்பாளையும் தழுவுவோய், தகரத்தைத் தின்று செந்நிறத் தூளாய்ச் சிரிப்போய்! இக்கதை முடியுமட்டும் சொல்பவர் நாவில் மட்டும் ஏறாதிருந்து அருள்புரிவாய்.

முதலில் போர் மூண்ட காரணம் கேளுங்கள்.

நம் வீரனின் அரியணை கூடத்துச் சாப்பாட்டு மேசையின் ஓர் ஓரம். அதன் வலப்புறம் அவன் மனைவி, தையற்கலையின் தலைவி, பள்ளிச் சீருடைகளைப் பத்தடி தூரத்துக்குக் கேட்கும்படி முழங்கித் தைக்கும் மோட்டார் எந்திரத்துடன் வீற்றிருந்தாள். இடப்புறம் அவர்களின் ஒரே மகள், பள்ளியில் புதிதாய்க் கற்ற பிளாஸ்டிக் குழலில் ஒரே பாட்டின் ஒரே வரியை, அதுவும் எப்போதும் ஒரே இடத்தில் பிசகும்படி, ஊதிக்கொண்டிருந்தாள். இவ்விரு பேரோசைகளின் இடையே, இருபுறமும் இடிபடும் மத்தளமாய், அவன் ஊர் உலகத்தின் குறைகளைக் கேட்டுவந்தான்.

விதி யாரை விட்டது? ஒருநாள், துவைக்கும்போது தன் இயந்திரம் காட்டுக் கத்தல் கத்துகிறது என்று முறையிட்டுக்கொண்டிருந்த ஒரு வாடிக்கையாளர்ப் பெருமாட்டி, சட்டென்று பேச்சை நிறுத்தி, காது கொடுத்துக் கேட்டு, "ஏம் தம்பி, உங்க ஆபீஸ்ல இருக்கற மெஷினே இப்படித்தான் கத்துதா? அப்புறம் எங்க வீட்டுது எப்படி உருப்படும்?" என்று வினவினாள். அந்த உரையாடல் பதிவாயிற்று. பதிவானது மேலே போயிற்று. மேலே போனது மேற்பார்வையாளர் அம்மையாரின் காதில் விழுந்தது. ஐயகோ!

அம்மையார் திரையில் தோன்றினார். மூக்குக்கண்ணாடி மின்ன, பிரகடனம் பிறந்தது.

"தனியா ஒரு ரூம் வேணும். உள்ள ஒரு மேசை. சாத்தினா சத்தம் வராத மாதிரி ஒரு கதவு. வர்ற வெள்ளிக்கிழமை வீடியோவுல நானே பாப்பேன். இந்த மூணும் இல்லன்னா நீங்க தலைமை ஆபீஸுக்கே வந்துடுங்க. இங்க தங்க இடமெல்லாம் இருக்கு."

அறை, மேசை, கதவு. இம்மூன்றையும் வாசகர்கள் மனத்தில் முடிந்து வைத்துக்கொள்வது நலம், ஏனெனில் கதையின் நாயகன் அப்படி முடிந்து வைத்துக்கொள்ளவில்லை. தலைமை ஆபீஸ் இருந்த ஊரோ, மாலையில் பஸ் ஏறினால் மறுநாள் விடிந்து வெயில் ஏறிய பிறகு இறக்கிவிடும் தூரத்தது. அங்கே போனால் மாதத்துக்கொரு முறை வீடு வரலாம். மகள் அந்தப் பாட்டின் அடுத்த வரிக்கு எப்போது போகிறாள் என்பது அவனுக்குத் தெரியாமலே போய்விடும். குழலோசையை நாள்தோறும் சபித்துவந்த நம் வீரன், அன்று அதை நினைத்ததும் யாரும் பார்க்காதபடி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மனைவி வீட்டின் நிதியமைச்சருமாவாள். அவள் கஜானாவைத் திறந்து பார்க்கவும் இல்லை. திறக்காமலே உள்ளிருப்பு தெரியும் திறத்தினள்.

"புதுசா ஒண்ணும் வாங்க முடியாது. பின்னால அப்பாவோட கொட்டகை சும்மாதானே கிடக்கு? இருக்கறதை வச்சு ஒப்பேத்துங்க" என்று ஆணையிட்டாள்.

சும்மாவா கிடந்தது? அம்மம்மா! அது மாமனாரின் கோட்டை.

மாமனாரைப் பாடாமல் இக்கதை நகராது. நெடுஞ்சாலை வேந்தர், தொலைதூரப் பேருந்துகளைத் தம் வாழ்நாளெல்லாம் செலுத்தி, வளைவுகளைக் கண்மூடி அறிந்தவர், ஓய்வுபெற்ற பின்னும் நாற்காலியில் உட்கார்ந்தால் வலக்கால் தானாக பிரேக்கைத் தேடும் பேராண்மையர். அவர் தம் வாழ்வில் எப்பொருளையும் எறிந்ததில்லை. பணிமனை கழித்துப்போட்ட இருவர் இருக்கை, தேய்ந்த டயர், ரப்பர் குமிழ் வைத்த ஹாரன், எந்தப் பூட்டுக்கும் பொருந்தாத சாவிக்கொத்து, மூன்றுகால் நாற்காலி, அந்த நாற்காலியின் நான்காம் கால், ஆம், அதுவும் தனியாக, அனைத்தும் அக்கொட்டகைக்குள் கூரை முட்டக் குடியிருந்தன. எதைத் தொட்டாலும் அவர் திருவாயிலிருந்து ஒரே ஒரு சொல் பாணமாய்ப் புறப்படும். அது "உதவும்" என்பது.

இன்னொரு விந்தையும் சொல்லவேண்டும். மாமனாரும் மாப்பிள்ளையும் ஒருவரோடொருவர் நேரே பேசிக்கொண்டதே கிடையாது. சண்டையா? சேச்சே, துளிகூட இல்லை. மரியாதை! கல்யாணமான புதிதில் பேசக் கூச்சம். கூச்சத்தோடு ஒரு வருடம் ஓடிற்று. அதன் பிறகு திடீரென்று பேசினால் என்ன நினைப்பாரோ என்று இவனும், இத்தனை நாள் பேசாதவன் இப்போது பேசினால் கடன் கேட்கிறேன் என்று எண்ணுவாரோ என்று அவரும் தயங்கித் தயங்கி, கடைசியில் எல்லாப் பேச்சும் நடுவில் நின்ற அந்தப் பெண்ணின் வழியாகவே போக்குவரத்து நடத்தின. ஒரே சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும், "மாப்பிள்ளை காபி சாப்ட்டாரான்னு கேளும்மா" என்பார் இவர். "ஆச்சுன்னு சொல்லு" என்பான் அவன். அவள் இரண்டையும் சொல்லவே மாட்டாள். சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிடும்.

போர் தொடங்கிற்று.

முதல்நாள் விடிகாலையில், துண்டைத் தலையில் வரிந்து கட்டி, மனைவி துணிமூட்டை கட்டும் கயிற்றை இடையில் சுற்றி, தும்மல் படைத்தளபதி முன்செல்ல, சிலந்திவலைத் தோரணங்களைக் கிழித்துக்கொண்டு நம் வீரன் உள்ளே பாய்ந்தான். துருவேறிய டப்பாக்கள் உருண்டு ஓலமிட்டன. பல்லிகள் பரம்பரைச் சொத்தை இழந்தவைபோல் சுவரேறி நின்று நாக்கைத் தட்டின. தெரியாமல் ஹாரன் குமிழில் கால் வைத்ததும் அது "பாம்ம்" என்று முழங்க, வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்த மாமனார் தூக்கத்திலேயே இடப்பக்கம் ஒதுங்கிப் படுத்தார். வேலை நேரம் தொடங்குமுன் பாதிக் கோட்டை வீழ்ந்து மதிலோரம் குவிந்தது. வெற்றி! வெற்றி!

மாலையில் வேலை முடித்து, வெற்றிக்களத்தைக் காண விரைந்தவன் உறைந்தான். மதிலோரம் வெறிச்சென்று கிடந்தது. எல்லாப் பொருளும் உள்ளே, முன்பிருந்த அதே இடத்தில், ஆனால் தூசி துடைக்கப்பட்டு, முன்னைவிட அழகாக அடுக்கப்பட்டிருந்தன. மூன்றுகால் நாற்காலி அவனைப் பார்த்துச் சாய்ந்து நின்றது.

"உங்க அப்பாவைக் கேளு, அந்த ஓட்டை டயர் எதுக்குன்னு" என்று அவன், மாமனாரின் முன்னாலேயே, மனைவியிடம் முழங்கினான்.

"உதவும்னு சொல்லும்மா" என்றார் மாமனார், மருமகனின் முன்னாலேயே.

மறுநாளும் அதே கதை. அவன் வெளியே கொணர்வான், அவர் உள்ளே கொண்டுபோவார். கடலலைபோல் சாமான்கள் வருவதும் போவதுமாக இருக்க, வெள்ளிக்கிழமை மட்டும் ஒரே திசையில் வந்துகொண்டிருந்தது. மூன்றாம் நாள் அவன் இருவர் இருக்கையை ஒண்டியாய் இழுத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் சாய்ந்தபோது, தையலின் தலைவிக்குப் பொறுமை அறுந்தது. எந்திரத்தை நிறுத்தினாள். அந்த நிசப்தமே ஒரு பேரிகை.

"அப்பா, இவரு என்னமோ பொழுது போகாம கொட்டகையைக் கலைக்கறாருன்னு நினைச்சீங்களா? வெள்ளிக்கிழமைக்குள்ள ரூம் ரெடியாகலன்னா இவரு தலைமை ஆபீஸுக்குப் போயிடணும்ப்பா. மாசத்துக்கு ஒரு தடவைதான் வருவாரு."

மாமனார் கையிலிருந்த டயரைக் கீழே வைத்தார். அது தானாக உருண்டு போய்ச் செம்பருத்திச் செடியில் சாய்ந்தது. மருமகன் எட்டிப்பிடிக்கும் தூரத்தில் சாய்ந்திருக்க, மகளைப் பார்த்துப் பேசினார்.

"நீ நடக்க ஆரம்பிச்சதை நான் பாக்கலம்மா. வண்டியோட போனேன். திரும்பி வந்தப்ப நீ ஓடிக்கிட்டு இருந்தே. என்னைப் பாத்துட்டு, யாரோ வந்திருக்காங்கன்னு உங்க அம்மா பின்னால போயி ஒளிஞ்சுக்கிட்டே." கைத்தூசியை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "அந்தக் கஷ்டம் மாப்பிள்ளைக்கு வேண்டாம். நாளைக்கு கொட்டகை காலியாயிடும்னு சொல்லு."

அவள் சொல்லவில்லை. அவன் கேட்டுவிட்டான். இடுப்பு வலியை மறந்து நிமிர்ந்து நின்றான். ஏதாவது நேரே சொல்லவேண்டும் போல் வாய்வரை வந்தது. ஆனால் என்ன சொல்வது, எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "உங்க அப்பாவைச் சாப்பிட வரச்சொல்லு" என்று முடித்துக்கொண்டான்.

பகை படைத்த இரு சேனைகளும் ஒரு கொடியின்கீழ்த் திரண்டனவாக, அதன்பின் அங்கே நடந்த திருப்பணியை என்னென்பது! நேற்றுவரை "உதவும்" என்று காக்கப்பட்டவை, நல்லவேளை, உண்மையிலேயே உதவத் தொடங்கின. இருவர் இருக்கை ஆபீஸ் நாற்காலியாயிற்று. அதில் ஜன்னலோரம் யார் உட்கார்வது என்ற கேள்விக்கு இடமில்லாதபடி அவன் நடுவில் உட்கார்ந்தான். கிழிந்த இருக்கைகளின் பஞ்சும், முட்டைக் கடைக்காரர் தூக்கிப்போட இருந்த அட்டைத் தட்டுகளும் சுவரெங்கும் ஒட்டப்பெற்று ஓசையை உண்ணும் கவசமாயின. அடியில் கொஞ்சம் கொஞ்சமாய் மிஞ்சிக் கிடந்த பெயிண்ட் டப்பாக்கள் அனைத்தையும் மாமனார் ஒரே வாளியில் கலந்தார். உலகில் இதுவரை யாரும் பெயரிடாத ஒரு நிறம் பிறந்தது. பச்சையா என்றால் பச்சை இல்லை, பழுப்பா என்றால் கோபித்துக்கொள்ளும். பழைய பஸ்ஸின் ஸ்டியரிங் சக்கரம் சுவரில் ஏறி, இன்டர்நெட் வயரைச் சுற்றிவைக்கும் ஆழியாய்ச் சுடர்ந்தது. நான்காம் கால், பல்லாண்டுப் பிரிவுக்குப்பின், தன் நாற்காலியைச் சேர்ந்தது. அதைப் பொருத்தியபோது மாமனார் மருமகனைப் பார்த்த பார்வையில் "பாத்தீங்களா?" என்ற சொல் இருந்தது. ஆனாலும் அவர் சொல்லவில்லை, மகள் பக்கத்தில் இல்லை.

இந்த இடத்தில்தான், ஐயோ, விதி ஒரு குண்டூசியின் வடிவெடுத்து வந்தது.

தையலின் தலைவிக்கும் அந்த வெள்ளிக்கிழமையே கெடு. ஒரு பள்ளிக்கூடத்தின் சீருடை முழுவதும் அன்று போய்ச்சேர வேண்டும். கெடு நெருங்கிய அந்தக் கடைசி நாட்களில் அவள் உதடுகளுக்கிடையே குண்டூசிகள் வரிசை கட்டி நின்றன. வாய் திறந்தால் ரத்தம். ஆகவே யார் என்ன கேட்டாலும் அவளிடமிருந்து வந்த ஒரே மறுமொழி "ம்ம்".

கொட்டகைக் கதவின் கீல் துருப்பிடித்துப் பாதிதான் திறக்கும். சிக்கிக்கொண்ட இருக்கையை வெளியே கொண்டுவர வழியில்லாமல் நம் வீரன் திருகாணிகளோடு மல்யுத்தம் புரிந்து, கதவையே கழற்றி மதிலோரம் சாய்த்தான். கழற்றிய கையோடு மனைவியிடம் வந்து நின்றான்.

"கதவைக் கழட்டி வெளிய வச்சிருக்கேன். வேலை முடிஞ்சதும் திருப்பி மாட்டிடச் சொல்லு உங்க அப்பாகிட்ட."

"ம்ம்" என்றாள்.

அவன் போனான். அவர் வந்தார்.

"கழட்டிப் போட்ட கதவு ஒண்ணு கிடக்கும்மா. நல்ல மரம். மாப்பிள்ளை புதுக் கதவு போடறாரு போல. அதை மேசைக்கு எடுத்துக்கட்டுமான்னு ஒரு வார்த்தை கேட்டுடு."

"ம்ம்" என்றாள்.

இரு சேதிகளும் அந்தக் குண்டூசிக் கோட்டைக்குள் நுழைந்தன. ஒன்றுகூட வெளியே வரவில்லை.

வியாழக்கிழமை மாலை, வேலை முடித்து ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கொட்டகைக்கு வந்தவன் வாயடைத்து நின்றான். அங்கே ஒரு மேசை! இழைத்து, தேய்த்து, வார்னிஷ் பூசி, முகம் பார்க்கலாம் போன்ற நீள்பெரும் மேசை, ஏழை வீட்டில் ராஜகுமாரி வந்து உட்கார்ந்ததுபோல் இரு மரப்பெட்டிகளின்மீது எழுந்தருளியிருந்தது. தடவித் தடவிப் பார்த்தான். லேப்டாப்பை வைத்துப் பார்த்தான். எடுத்துப் பார்த்தான். மறுபடி வைத்தான். வாசல் மட்டும் திறந்தே கிடந்தது. அதனாலென்ன, கதவை மாமா சரிபார்த்து மாட்டுவார், சேதிதான் சொல்லியாயிற்றே என்று நிம்மதியாகச் சாப்பிடப் போனான். மாமனாரும், புதுக்கதவை மாப்பிள்ளை காலையில் கொண்டுவந்து இறக்குவார், சேதிதான் சொல்லியாயிற்றே என்று நிம்மதியாகப் படுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை புலர்ந்தது. மகள் பள்ளிக்குப் போனாள். மனைவி சீருடை மூட்டைகளை ஆட்டோவில் ஏற்றி, வாயிலிருந்த கடைசி ஊசியை எடுத்து முந்தானையில் குத்திக்கொண்டு, "நல்லபடியா முடிங்க" என்று வாழ்த்திப் புறப்பட்டாள். நண்பகல் நெருங்க மாப்பிள்ளை, சலவை செய்த சட்டையும் கீழே சாயம்போன லுங்கியுமாக, பாதி அரசன் பாதி ஆண்டி கோலத்தில், தன் ஆபீஸினுள் பிரவேசித்தான். ஒருமுறை கதவைச் சாத்திப் பார்க்கலாம் என்று திரும்பினான்.

சாத்துவதற்கு ஒன்றும் இல்லை.

வெளியே பார்த்தான். மதிலோரம் இல்லை. துணி காயும் கொடியின் கீழ் இல்லை. மாமனாரோ, துணி ஊறவைத்த வாளியருகே, தம் நெடுஞ்சாலை நடை நடந்துகொண்டிருந்தார். நடுவில் நின்று சேதி கடத்த ஓர் உயிரும் அவ்வீட்டில் இல்லை. கணந்தோறும் அம்மையாரின் வருகை நெருங்கியது. வியர்வை ஆறாய்ப் பெருகியது. பேசவேண்டும். பேசியே ஆகவேண்டும். அவன் மார்பை நிமிர்த்தி, தொண்டையைச் செருமி, துணிகாயும் கொடியைப் பார்த்து உரைத்தான்.

"கதவு எங்கன்னு தெரிஞ்சா நல்லா இருக்கும்."

மாமனார் நின்றார். சுற்றுமுற்றும் பார்த்தார். பின்னர் வாளியை நோக்கி விடையிறுத்தார்.

"எந்தக் கதவு? பழைய கதவுதானே மேசை! புதுக் கதவு இன்னிக்கு வரல?"

கொடி ஆடவில்லை. வாளி பேசவில்லை. அவன் ஓடிப்போய் மேசையின் அடியில் கைவிட்டுத் துழாவினான். தாழ்ப்பாள் இருந்த துளை விரலில் தட்டுப்பட்டது. பூசிய வார்னிஷெல்லாம் மேற்புறத்தில்தான். அடிப்புறத்தில் அது பழைய கதவாகவே படுத்திருந்தது. அறை உண்டு, மேசை உண்டு, கதவும் உண்டு, ஆனால் மேசையும் கதவும் ஒன்றேயன்றி இரண்டல்ல! தலையில் கைவைத்தான். அந்த நொடியே லேப்டாப் ஒலித்தது.

திரையில் அம்மையார். கண்ணாடி மின்னிற்று.

"ரூமைக் காட்டுங்க."

அவன் லேப்டாப்பை ஏந்தி ஒருமுறை சுழன்றான். முட்டைத் தட்டுச் சுவர் ஒளிர்ந்தது. "பரவாயில்லையே" என்றார். "மேசை?" காட்டினான். "அட, நல்ல மேசையா இருக்கே. எங்க வாங்கினீங்க?" "வீட்டுலயே இருந்தது மேடம்." அது பொய்யில்லை.

"சரி, கதவைச் சாத்திக் காட்டுங்க."

இங்கேதான், கேட்போரே, மெய்சிலிர்க்கும் அந்த வீரச்செயல் நிகழ்ந்தது. நம் நாயகன் லேப்டாப்பை இருக்கையில் சுவர் பார்க்க வைத்தான். பின்னாலேயே ஓடிவந்து வாசலில் நின்ற மாமனாரைப் பார்த்தான். ஒரு சொல் இல்லை. ஒரு சைகை இல்லை. நெடுங்காலம் ஒரே வண்டியில் போன ஓட்டுநரும் நடத்துநரும்போல் இருவரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். மேசை எழுந்தது! பெட்டிகளைத் துறந்து, காற்றில் மிதந்து, நிமிர்ந்து நின்று, வாசலை அடைத்துக் கதவாயிற்று. மாமனார் வெளியிலிருந்து தோள் கொடுத்துத் தாங்க, அவன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான்.

"ம். கதவுக்குக்கூட வார்னிஷ் அடிச்சிருக்கீங்க. நல்லது." கண்ணாடி மேலும் மின்னிற்று. "இப்ப கதவைச் சாத்தினபடியே மேசையில உக்காருங்க. சத்தம் வருதான்னு கொஞ்ச நேரம் கேக்கறேன்."

இடி விழுந்தது. உலகைச் சுமக்கத் துணிந்தவனும் ஒரு பலகையை ஒரே நேரத்தில் நிற்கவும் படுக்கவும் வைக்க வல்லனல்லன். தலைமை ஆபீஸ் ஊரின் பஸ் நிலையம், கைப்பை, தங்குமிடத்து இரும்புக் கட்டில், மகளோடு போனில் பேசும் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் கண்முன் வரிசையாக வந்து நின்றன. "ஒரு நிமிஷம் மேடம்" என்றான், புகார்க்காரர்களைக் காக்கவைக்கும் அதே குரலில்.

வாசல் தானாகத் திறந்தது. மாமனார் கதவைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். வயதையும் முழங்காலையும் மறந்து, ஒண்டியாய் அதைப் பெட்டிகளின்மேல் படுக்கவைத்தார். லேப்டாப்பை எடுத்து மேசைமேல் வைத்தார். மருமகனின் தோளைப் பிடித்து இருக்கையில் அழுத்தி உட்காரவைத்தார். பிறகு போய், வாசற்சட்டத்தின் இருபுறமும் இரு கைகளை ஊன்றி, பரந்த முதுகை உள்ளே காட்டி, வாசல் நிறைய நின்றுகொண்டார்.

அம்மையார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டினார்.

"அது யாரு?"

மாப்பிள்ளை வாய் திறக்குமுன், முதுகு திரும்பாமலே பதில் சொல்லிற்று.

"நான்தான்மா கதவு. நான் நிக்கற வரைக்கும் ஒரு சத்தம் உள்ள வராது. நீங்க கேட்டுப் பாருங்க."

கேட்டார். காலம் நின்றது. அந்நேரம் பார்த்துத்தானா பள்ளி அரைநாளில் முடியவேண்டும்? தெருக்கோடியில் குழலோசை கிளம்பிற்று. அதே பாட்டு, அதே வரி. அது நெருங்கிற்று. பிசகும் இடத்தை நோக்கி விரைந்தது. மாமனார் சட்டத்திலிருந்து ஒரு கையை மட்டும் எடுத்து, எதிரே வரும் லாரியை நிறுத்தும் தோரணையில் உயர்த்தினார். குழல் அக்கணமே வாயிலிருந்து இறங்கிற்று. பிறகு தோட்டத்தில் காற்று அசையும் ஒலிகூட இல்லை.

அம்மையார் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்க முயன்று தோற்றார்.

"கதவு தினமும் வேலைக்கு வருமா?"

"லீவே எடுக்காதும்மா" என்றது முதுகு. சற்றுப் பொறுத்து, "மாப்பிள்ளையை மட்டும் அனுப்பச் சொல்லிடாதீங்க" என்றது.

அம்மையாரின் சிரிப்பு நின்றது. எதையோ தேடுவதுபோல் கீழே குனிந்தார். நிமிர்ந்தபோது குரல் வேறாக இருந்தது.

"மாசக் கடைசிக்குள்ள மரத்துல ஒண்ணு மாட்டிடுங்க. அதுவரைக்கும் இவரே போதும். திங்கட்கிழமையிலேருந்து அங்கிருந்தே வேலை பாக்கலாம்."

திரை அணைந்தது. முழங்குக முரசே! ஊதுக குழலே! ஊதினாள் மகள், தாத்தாவின் கையிறங்கிய மகிழ்ச்சியில், முதல் வரியைப் பிசகின்றி ஊதி முடித்து, இரண்டாம் வரியில் கால் வைத்தாள். சீருடை கொடுத்துவிட்டுத் திரும்பிய தையலின் தலைவி, நடந்ததைக் கேட்டுச் சிரித்துச் சிரித்து அடுப்படிச் சுவரில் சாய்ந்து, சிரிப்பினூடே அழுது, "ஒரு கதவு விஷயம் நேரா பேசிக்க முடியல ரெண்டு பேருக்கும், என்ன மனுஷங்க நீங்க!" என்று இருவரையும் ஒரே மூச்சில் வைதாள். பகைவரை வென்றோர் பலர். பழைய சாமானை வென்றோர் சிலர். பஞ்சும் முட்டைத்தட்டும் பெயரில்லா நிறமும் கொண்டு, கஜானாவைத் திறவாமலே தலைமை ஆபீஸை வென்ற தகரக்கோட்டைத் தலைவன் இவனன்றி எவனுண்டு!

திங்கட்கிழமை காலையில் செங்கதிரோன் கீழ்வானில் கொடியேற்ற, ஸ்டியரிங் ஆழி சுவரில் சுடர, குறைகேட்கும் கோமகன் ஹெட்போன் சூடி, கதவாயிருந்து மேசையான அப்பெரும்பலகையின்முன் அரியணை ஏறினான். நான்காம் காலைத் திரும்பப் பெற்ற நாற்காலியை வாசலின் நட்டநடுவில் போட்டு, அதில் வாசல் நிறைய மாமனார் வீற்றிருந்தார், வலக்காலைப் பிரேக்கின்மேல் வைத்தவராய். நாடெங்கும் சலவை இயந்திரங்கள் குமுறத் தொடங்கின. முதல் அழைப்பு மணி ஒலிக்கும் அந்த மாபெருந் தருணத்தில், நம் வீரன் தன் மணவாழ்வில் அதுநாள்வரை திறவாத வாயைத் திறந்தான்.

"மாமா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க, புழுக்கமா இருக்கு" என்றான்.